கிளென்கேரி கிளென் ராஸ்: பேச்சை மட்டுமே முதலாகக் கொண்டவர்கள்

ஜேம்ஸ் ஃபோலி இயக்கி 1992இல் வெளிவந்த 'கிளென்கேரி கிளென் ராஸ்' திரைப்படத்தைப் பார்த்தவர்களிடம் அதைப் பற்றிக் கேட்டால், பேச்சு பெரும்பாலும் அலெக் பால்ட்வின் வரும் ஒரே ஒரு காட்சியில்தான் தொடங்குகிறது. தலைமை அலுவலகம் அனுப்பிய ஒருவர், மழை கொட்டும் ஓர் இரவில் மனை விற்கும் சிறிய கிளை அலுவலகத்துக்கு வந்து, அங்குள்ள விற்பனையாளர்களைச் சில நிமிடங்கள் ஓயாமல் வசைபாடிவிட்டுப் போகிறார். விற்பனைப் போட்டியில் முதலிடம் பிடிப்பவருக்கு கேடிலாக் கார், இரண்டாமிடத்துக்கு இறைச்சி வெட்டும் கத்திகள், மூன்றாமிடத்துக்கு வேலை நீக்கம் என்பது அவர் கொண்டுவந்த செய்தி. இந்தக் காட்சியை மட்டும் தனியே எடுத்து, விற்பனைப் பயிற்சிகளில் ஊக்க உரையாகக் காட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். இந்தப் படத்தை நேசிக்கும் எனக்கு அது மிகுந்த வருத்தம் தருகிறது. அந்த உரை எதை விளைவிக்கிறது என்பதைத்தான் மீதிப் படம் முழுவதும் பொறுமையாகக் காட்டுகிறது. விளைவது விற்பனையன்று, திருட்டு.

படத்தின் மூலம் டேவிட் மாமெட் எழுதிய மேடை நாடகம். 1983இல் லண்டனில் அரங்கேறிய அந்நாடகம் 1984இல் நாடகத்துக்கான புலிட்சர் பரிசைப் பெற்றது. இளமையில் சிகாகோவில் ஒரு மனை விற்பனை அலுவலகத்தில் வேலை பார்த்த மாமெட், அங்கே காதில் விழுந்த பேச்சின் வேகத்தையும் அதன் அடியில் இருந்த அச்சத்தையும் நாடகத்தில் கொண்டுவந்தார். திரைக்கதையையும் அவரே எழுதினார். பால்ட்வின் காட்சி நாடகத்தில் இல்லை; படத்துக்காகவே அவர் புதிதாகச் சேர்த்தது. நாடகத்தில் விற்பனையாளர்களை நெருக்கும் அதிகாரம் மேடைக்கு வெளியே, பெயரளவில் மட்டுமே இருக்கிறது. படத்தில் அது விலையுயர்ந்த கைக்கடிகாரம் அணிந்து நேரிலேயே வந்து நிற்கிறது. இந்தச் சேர்க்கை சரியானது என்றே கருதுகிறேன். அடுத்து நிகழும் ஒவ்வொரு பொய்க்கும் கெஞ்சலுக்கும் காரணம் என்ன என்பது பார்வையாளருக்கு அந்தக் காட்சியிலேயே விளங்கிவிடுகிறது.

இந்த அலுவலகத்தின் பொருளாதாரம் எளிமையானது, கொடுமையானதும்கூட. வாங்கக் கூடியவர்களின் பெயரும் முகவரியும் எழுதிய அட்டைகள்தான் இங்கே எல்லாமே. விற்பனைத் தொழிலில் இருப்பவர்கள் லீட் என்று சொல்வது இவற்றைத்தான். பணமுள்ள, விருப்பமுள்ள வாடிக்கையாளர்களின் புதிய அட்டைகள் மேலாளர் வில்லியம்சனின் அறையில் பூட்டிக் கிடக்கின்றன. நன்றாக விற்றவருக்கு மட்டுமே அவை கிடைக்கும். ஆனால் அவை இல்லாமல் நன்றாக விற்க முடியாது. மற்றவர்களுக்கு, பலமுறை பலரால் தட்டப்பட்ட கதவுகளின் பழைய அட்டைகளே மிச்சம். இந்த முடிச்சிலிருந்துதான் படத்தின் நிகழ்ச்சிகள் அனைத்தும் பிறக்கின்றன. நல்ல அட்டைகளைத் திருடி வேறொரு நிறுவனத்துக்கு விற்றுவிடலாம் என்று எட் ஹாரிஸ் நடித்த மாஸ், ஆலன் ஆர்கின் நடித்த ஆரனோவிடம் பேசும் காட்சியைக் கவனியுங்கள். வெறும் பேச்சாகத் தொடங்குவது, கேட்டுக்கொண்டிருந்த ஒரே குற்றத்துக்காக ஆரனோவை உடந்தையாளர் ஆக்கிவிடும் மிரட்டலாக மெல்ல மெல்ல மாறுகிறது. வாடிக்கையாளரிடம் காட்டும் வித்தையை மாஸ் சக ஊழியர் மீதே காட்டுகிறார்.

ஜாக் லெமனின் நடிப்புக்காக மட்டுமே இப்படத்தை எத்தனை முறை வேண்டுமானாலும் பார்க்கலாம். ஷெல்லி லெவீன் ஒரு காலத்தில் 'இயந்திரம்' என்று பட்டப்பெயர் பெற்ற விற்பனையாளர். இப்போது மாதக்கணக்கில் எதுவும் விற்க முடியாமல் தவிக்கும் முதியவர். பொதுத் தொலைபேசியில் நின்றுகொண்டு, தான் பெரிய அதிகாரி என்றும் விமானத்தைப் பிடிக்க அவசரமாகப் போய்க்கொண்டிருப்பதாகவும் யாரோ ஒரு வாடிக்கையாளரிடம் சொல்கிறார். இல்லாத செயலாளரை அழைத்து உத்தரவும் இடுகிறார். அந்த நேரத்தில் லெமனின் குரல் இளமையாகிறது, முதுகு நிமிர்கிறது. தொலைபேசியை வைத்த மறுகணம் இரண்டும் தளர்ந்துவிடுகின்றன. மழையில் நனைந்த காருக்குள் வில்லியம்சனிடம் நல்ல அட்டைகளுக்காகப் பேரம் பேசும் காட்சியில், கமிஷனில் 20 சதவீதமும் அட்டைக்கு 50 டாலரும் தர அவர் ஒப்புக்கொள்கிறார். ஆனால் அந்தப் பணத்தை உடனே எடுத்து வைக்க அவரிடம் வழியில்லை. அதட்டல், பழம்பெருமை, நட்பு, கெஞ்சல் என்று சில நிமிடங்களுக்குள் அவர் ஏறி இறங்கும் படிகளைப் பார்க்கும்போது, வாழ்நாள் முழுவதும் பிறரை நம்பவைத்தே பிழைத்த ஒருவரிடம் மெய்யான துயரத்தைச் சொல்லத் தனிக் குரல் மிஞ்சவில்லை என்பது தெரிகிறது. உண்மையைச் சொல்லும்போதும் அவர் விற்பனையாளராகவே ஒலிக்கிறார். வெனிஸ் திரைப்பட விழாவில் இந்தப் பாத்திரத்துக்காக லெமனுக்குச் சிறந்த நடிகர் விருது கிடைத்தது. ஆஸ்கரில் அவர் பரிந்துரைக்கக்கூடப்படவில்லை என்பது இன்றும் மனத்தை உறுத்துகிறது.

ஆஸ்கர் பரிந்துரை பெற்றவர் ரிக்கி ரோமாவாக நடித்த அல் பசினோ. அதுவும் தகுதியான பரிந்துரையே. அலுவலகத்துக்கு எதிரே உள்ள சீன உணவகத்தில், ஜொனாதன் பிரைஸ் நடித்த லிங்க் என்ற தனித்த, கூச்சமுள்ள மனிதரிடம் ரோமா பேசும் காட்சி, விற்பனை என்பது எப்படி நிகழ்கிறது என்பதற்கு நான் திரையில் கண்ட மிக நுட்பமான சான்று. வாழ்க்கை, பயம், ஆசை, பாதுகாப்பு என்று எதையெதையோ அவர் பேசுகிறார். மனை என்ற பேச்சே எழுவதில்லை. எதிரே இருப்பவர் தன்னை முதன்முறையாக ஒருவர் பொருட்படுத்திப் பேசுகிறார் என்று நெகிழ்ந்திருக்கும் நேரத்தில், ஃபுளோரிடா நிலத்தின் விளம்பரத் தாள் மேசைமேல் விரிகிறது. அடுத்த நாள், மனைவியின் வற்புறுத்தலால் ஒப்பந்தத்தை ரத்து செய்ய வந்து நிற்கும் லிங்க், தன்னை ஏமாற்றியவரிடமே மன்னிப்புக் கேட்கிறார். பிரைஸ் எல்லாப் பாராட்டுரைகளிலும் கடைசியாக நினைக்கப்படுகிறவர்; ஏமாற்றப்படுகிறவரின் முகத்தை அவர் இவ்வளவு நேர்மையாகத் தராவிட்டால் ரோமாவின் திறமையை நாம் ரசிப்பதோடு நின்றிருப்போம்.

இந்தியப் பார்வையாளர்கள் ஒரு செய்தியைத் தவறவிட மாட்டார்கள். படேல் என்ற பெயருள்ள அட்டை கைக்கு வந்தால் இந்த விற்பனையாளர்கள் எரிச்சலடைகிறார்கள். இந்தியர்கள் வீட்டுக்குள் அழைத்து உட்காரவைத்துப் பேசுவார்களே தவிர வாங்க மாட்டார்கள் என்பது அவர்கள் முடிவு. அந்த வசனங்களில் இருப்பது அப்பட்டமான இனவெறுப்பு, கேட்கக் கசக்கிறது. ஆனால் அதைப் பேசுகிறவர்களைப் படம் எந்த இடத்திலும் நியாயப்படுத்துவதில்லை. தோல்விக்குக் காரணம் நிறுவனம் என்று சொல்லத் துணியாதவர்கள், அட்டையில் இருக்கும் பெயரின் மீது பழியைப் போடுகிறார்கள் என்றே நான் அதைப் புரிந்துகொள்கிறேன்.

படத்தைப் பிடிக்காதவர்கள் சொல்லும் குறைகளில் முதலாவது, இது படமாக்கப்பட்ட நாடகம் என்பது. இடங்கள் ஏறத்தாழ இரண்டே, அலுவலகமும் உணவகமும். நிகழ்ச்சிகள் ஓர் இரவிலும் மறுநாளிலும் முடிந்துவிடுகின்றன. ஆனால் ஒளிப்பதிவாளர் ஹுவான் ரூயிஸ் அன்சியா உணவகத்துக்குத் தந்த சிவப்பும் நீலமும், ஜன்னல்களில் வழியும் மழையும், மறுநாள் காலையில் சூறையாடப்பட்ட அலுவலகத்தின் வெளிறிய வெளிச்சமும் மேடையில் கிடைக்காதவை. வெளியே போக வழியின்றி அடைபட்ட உணர்வு இந்தக் கதைக்குத் தேவை. அதைத் திறந்துவிட்டிருந்தால் படம் இளகியிருக்கும். இரண்டாவது குறை கெட்ட வார்த்தைகள். அவை உண்மையிலேயே மிக அதிகம். குடும்பத்தோடு அமர்ந்து பார்க்க நினைப்பவர்கள் தவிர்த்துவிடலாம். பெண் பாத்திரங்கள் அநேகமாக இல்லை என்பதும் சரியே. லிங்கின் மனைவி திரையில் தோன்றாமலேயே கதையின் போக்கைத் திருப்புகிறார் என்பதால் மட்டும் அந்த இடைவெளி நிரம்பிவிடாது.

என் குறை வேறொன்று. நாடகத்தில் லெவீனின் மகளைப் பற்றி விளக்கம் ஏதும் இல்லை; நெருக்கடியான தருணத்தில் அவள் குறித்த சொல் வந்து பாதியில் அறுந்துபோகிறது. படம் அவளை மருத்துவமனையில் சேர்த்து, தொலைபேசி அழைப்புகளைச் சேர்த்து, இரக்கத்துக்கான காரணத்தை முன்கூட்டியே நம் கையில் தந்துவிடுகிறது. லெமனுக்கு அந்த உதவி தேவைப்பட்டிருக்காது.

இனி வருவது முடிவைத் தொடுவதால், படத்தைப் பார்க்காதவர்கள் இங்கே நிறுத்திக்கொள்ளலாம். மறுநாள் காலையில் லெவீன் 82,000 டாலருக்கு விற்றுவிட்ட மகிழ்ச்சியோடு அலுவலகத்துக்குள் நுழைகிறார். லிங்கைச் சமாளிக்க ரோமாவுக்குத் துணையாக வேறொருவராக வேடமிட்டு அற்புதமாக நடிக்கவும் செய்கிறார். நடுவில் புகுந்து காரியத்தைக் கெடுத்த வில்லியம்சனை, வெற்றியின் மயக்கத்தில் விடாமல் திட்டும்போது, லிங்கின் ஒப்பந்தம் வங்கிக்குப் போகாமல் மேசையிலேயே கிடந்தது தனக்குத் தெரியும் என்பதை லெவீனே வெளிப்படுத்திவிடுகிறார். இரவில் அலுவலகத்துக்குள் நுழைந்தவருக்கு மட்டுமே தெரியக்கூடிய செய்தி அது. படம் முழுவதும் மிகக் குறைவாகப் பேசியவர், கெவின் ஸ்பேசியின் வில்லியம்சன். அந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொள்வதும் அவர்தான். லெவீன் பெரிதாகக் கொண்டாடிய விற்பனையும் செல்லாது. வாங்கிய தம்பதியருக்கு விற்பனையாளர்களோடு பேசிக்கொண்டிருப்பதில்தான் விருப்பம் என்பது வில்லியம்சனுக்கு முன்பே தெரியும்.

ஏறத்தாழ 12.5 மில்லியன் டாலரில் எடுக்கப்பட்ட இப்படம் அமெரிக்கத் திரையரங்குகளில் அந்தத் தொகையைக்கூட ஈட்டவில்லை. ஆனாலும் நாடகம் மேடையில் வாழ்ந்துகொண்டே இருக்கிறது. 2012இல் நியூயார்க்கின் நாடக அரங்குகள் நிறைந்த பிராட்வேயில் அது மீண்டும் நிகழ்த்தப்பட்டபோது, படத்தில் ரோமாவாக இருந்த பசினோ லெவீனாக நடித்தார். நூறு நிமிடப் படம்தான். ஒருமுறை பார்த்துவிட்டு மீண்டும் பார்க்கிறவர்கள், லெவீன் காலையில் அலுவலகத்துக்குள் வரும் இடத்திலிருந்து அவரை மட்டும் கவனிக்க வேண்டும். காவலர் உள்ளே விசாரித்துக்கொண்டிருக்க, செய்த திருட்டை மறைத்துக்கொண்டு வெற்றியைக் கொண்டாடும் ஒருவராக லெமன் ஒவ்வொரு சொல்லையும் இரு பொருளில் நடித்திருப்பது அப்போதுதான் தெரியவரும்.