இரிடியம் பிளக்கும் கல்லட்டி ஏற்றமும்

போன ஞாயிற்றுக்கிழமை ராத்திரி கோவையிலிருந்து மச்சினன் கூப்பிட்டான். "மாமா, இரிடியம் பிளக் ஆஃபர்ல போட்டிருக்கான். நீங்க ரெண்டு வருஷமா ஓட்டறீங்கல்ல, பிக்கப் ஏறுதா இல்லியா? ஒரே வார்த்தைல சொல்லுங்க, வாங்கிப் போட்டுடறேன்." பிளக் என்றால் இன்ஜினுக்குள் பொறி விட்டுப் பெட்ரோலைப் பற்றவைக்கும் ஸ்பார்க் பிளக்; இரிடியம் அதன் முனையில் இருக்கும் உலோகம். ஒரே வார்த்தை கேட்டவனை முக்கால் மணி நேரம் பிடித்துவைத்தேன். பாவம், சாப்பிடாமல் கேட்டான். டிசம்பரில் கட்டிய ஒர்க்‌ஷாப் பில்லின் சூடு எனக்கு இன்னும் ஆறவில்லை, அதுதான் காரணம். அவனிடம் சொன்னதையும், மாமியார் பக்கத்தில் இருந்ததால் சொல்லாமல் விட்டதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

வண்டி 998 சிசி, மூன்று சிலிண்டர் பெட்ரோல். காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் டர்போ கிடையாது. கம்பெனி போட்டுத் தருவது சாதா நிக்கல் பிளக். வீடு ஊட்டியை அடுத்த தலைக்குந்தா பக்கம். நான் வேலை பார்க்கும் பள்ளிக்கூடம் 4 கிலோமீட்டர். மாமியார் வீடு மலைக்குக் கீழே மசினகுடி. ஆக, தினமும் குளிரில் கிளம்பி இன்ஜின் சூடேறும் முன்பே நிறுத்துவது, மாதம் இரண்டு முறை மசினகுடியிலிருந்து வரும் கல்லட்டி மலைப்பாதையில் 36 கொண்டை ஊசி வளைவுகளும் ஏறுவது, இதுதான் இந்த வண்டியின் பிழைப்பு. வெளியூர் வண்டிகளை அந்த ரோட்டில் இறங்க விடுவதில்லை. டிஎன் 43, அதாவது நீலகிரிப் பதிவு என்பதால் நமக்கு இறங்குவதில் தொல்லை இல்லை. ஏறுவதில்தான்.

38,000 கிலோமீட்டரில் ஆரம்பித்தது. நாலு பேர் உட்கார்ந்து, பின்னால் பலாப்பழம் ஒன்றும் வைத்து ஏறிக்கொண்டிருந்தோம். பாதி ஏற்றம் தாண்டியதும் செகண்ட் கியரில் வண்டி ஒரு குலுங்கு குலுங்கியது. யாரோ பின்னால் சட்டையைப் பிடித்து இழுத்துவிட்டு விட்டது போல. அடுத்த வளைவில் மறுபடி. மிஸ்ஸிங், அதாவது சிலிண்டருக்குள் பெட்ரோல் சரியாகப் பற்றாமல் போவது. பின்சீட்டிலிருந்து மாமியார் "டீசல் இல்லையா மாப்பிள்ளை?" என்றார். பெட்ரோல் வண்டி என்று அவருக்கு ஐந்து வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

ஊட்டியில் ஒரு ஸ்பேர் பார்ட்ஸ் கடை. பெயர் வேண்டாம். "மலைக்கு இரிடியம்தான் சார் செட் ஆகும். மேல காத்து கம்மி, பொறி ஸ்ட்ராங்கா வேணும்" என்றார் கடைக்காரர். மூன்று சாதா பிளக் 400 ரூபாய்க்குள் முடிந்திருக்கும். இரிடியம் மூன்றுக்கு 2,100 கொடுத்தேன். காற்று கம்மி, பொறி ஜாஸ்தி. கேட்கும்போது எவ்வளவு நியாயமாகப் படுகிறது பாருங்கள்!

சங்கதி நேர் எதிர். பிளக் இடைவெளியில் மின்சாரம் தாவ எவ்வளவு வோல்டேஜ் வேண்டும் என்பதில், அந்த நேரம் சிலிண்டருக்குள் இருக்கும் அழுத்தத்துக்குப் பெரிய பங்கு உண்டு. அழுத்தம் கூடினால் வோல்டேஜும் கூட வேண்டும். ஊட்டி 2,240 மீட்டர் உயரம். இங்கே காற்றழுத்தம் கடலோரத்தில் இருப்பதில் ஏறக்குறைய முக்கால்தான். டர்போ இல்லாத இன்ஜினுக்குள் போகும் காற்றும் அந்த அளவுக்குக் குறைச்சல். ஆகவே மலையில் பிளக்கின் வேலை சுலபம். கஷ்டப்படுவது இன்ஜின்தான். பேப்பரில் 68 குதிரைத்திறன் என்று போட்டிருக்கும் வண்டி, இங்கே வந்தால் 50 சொச்சத்தில் நின்றுவிடும். அந்தக் குறையை எந்த உலோகத்தில் செய்த பிளக்காலும் நிரப்ப முடியாது. பற்றவைப்பது மட்டுமே பிளக்கின் வேலை. அடுப்பில் விறகே குறைச்சல் என்றால் தங்கத்தில் தீக்குச்சி செய்து கிழித்தாலும் சோறு சீக்கிரம் வேகாது.

இது எதுவும் அன்றைக்கு எனக்குத் தெரியாது. போட்டேன். சொன்னால் நம்பமாட்டீர்கள், மிஸ்ஸிங் போயே போச்சு. அடுத்த வாரமே வேலை இல்லாமல் மசினகுடி போய் வந்தேன். வண்டி பூனை மாதிரி ஏறியது. ஸ்டாஃப் ரூமில் ஒரு வாரம் இதே பேச்சு. இரண்டு பேர் என் பேச்சைக் கேட்டு வாங்கியும் போட்டார்கள். அவர்களிடம் இப்போது நான் அதிகம் பேசுவதில்லை.

நல்லதையும் சொல்ல வேண்டும். நான் காசு கொடுத்தது மிஸ்ஸிங்குக்கு. கிடைத்தது குளிர்கால ஸ்டார்ட்டிங். தலைக்குந்தா உறைபனியைப் பார்த்தவர்களுக்குச் சொல்லவே வேண்டாம். டிசம்பர், ஜனவரியில் விடிந்தால் புல்வெளி உப்புக் கொட்டிய மாதிரி இருக்கும். கார் கண்ணாடியில் பனி சுரண்டி எடுக்கிற பதத்தில் ஒட்டியிருக்கும். பக்கத்து வீட்டு அண்ணன் கண்ணாடியில் வெந்நீர் ஊற்றுவார். ஒருநாள் அது விரிசல் விடத்தான் போகிறது, சொன்னால் கேட்பதில்லை. அப்படிப்பட்ட காலையில் என் வண்டி முன்பெல்லாம் செல்ஃப் அடித்தால் நாலைந்து சுற்று இழுத்து, இருமி, அப்புறம்தான் பிடிக்கும். இரிடியம் போட்ட பிறகு சாவியைத் திருப்பின உடனே பற்றிக்கொள்கிறது. சமையலறையிலிருந்து என் மனைவியே கேட்டாள்: "என்னங்க, வண்டி இன்னிக்கு இருமவே இல்லை?"

இதற்குக் காரணம் இருக்கிறது. நிக்கல் பிளக்கின் நடு முனை 2.5 மில்லிமீட்டர் தடிமன். இரிடியத்தில் அது 0.4 முதல் 0.7 வரைதான், பேனா முள் மாதிரி. முனை மெலிந்தால் குறைந்த வோல்டேஜிலேயே பொறி தாவும். பொறியின் சூட்டைக் குடித்துவிட அங்கே அதிக உலோகமும் இல்லை. குளிரில் பேட்டரி தளர்ந்திருக்கும்போது இது உதவும். அவ்வளவு மெல்லிய நிக்கல் முனை நாலு நாளில் தேய்ந்துவிடும், இரிடியம் தாங்குகிறது. நிக்கல் 1,455 டிகிரியில் உருகும், இரிடியம் 2,446 வரை போக வேண்டும். சாதா பிளக்கை 30,000, 40,000 கிலோமீட்டரில் மாற்றவேண்டும் என்றால் இது லட்சத்தை எட்டும் என்கிறார்கள். கடைகளில் சாதா பிளக்கைக் 'காப்பர் பிளக்' என்பார்கள். செம்பு இரண்டுக்குள்ளும்தான் இருக்கிறது. வித்தியாசம் முனையில் மட்டுமே. மின்சாரம் கடத்துவதில் செம்புக்குப் பக்கத்தில்கூட இரிடியம் வராது.

ஆனால் அதே மாதம்தான் பேட்டரியும் புதிதாக மாற்றினேன். இதை மச்சினனிடம் சொல்லவில்லை.

இப்போது கோபத்துக்கு வருகிறேன். ஜூன் மழை பிடித்ததும் மிஸ்ஸிங் திரும்பி வந்தது. தினமும் வந்திருந்தால் பரவாயில்லை. மழை நாளில் வரும், வெயில் நாளில் வராது. ஏற்றத்தில் வரும், மெக்கானிக்கை உட்காரவைத்து அதே ஏற்றத்தில் ஓட்டினால் வராது. நம் மெக்கானிக் அண்ணன் "பிளக் புதுசு தம்பி, அதுல ஒண்ணும் இருக்காது" என்று மற்ற எல்லாவற்றையும் பார்க்க ஆரம்பித்தார். த்ராட்டில் பாடி கிளீனிங். இன்ஜெக்டர் கிளீனிங். ஏர் ஃபில்டர். பெட்ரோலில் தண்ணீர் கலந்திருக்கும் என்று டேங்கையே காலி செய்தோம். ஒன்றரை வருஷம் இப்படி ஓடியது. ஒவ்வொரு முறையும் பத்து நாள் நன்றாக இருக்கும். இதற்கு நடுவே ஒருநாள் பிளக்கைக் கழற்றிப் பார்த்தவர், பழக்கதோஷத்தில் ஒயர் பிரஷ்ஷை எடுத்து முனையைத் தேய்க்கப் போய்விட்டார். கையைப் பிடித்துக்கொண்டேன். இரிடியம் முனையில் பிரஷ் படக்கூடாது, இடைவெளி சரிசெய்கிறேன் என்று நெம்பவும் கூடாது. அந்த மெல்லிய முனை ஒடிந்தால் பிளக் குப்பைக்குத்தான். "அப்ப எதுக்குத் தம்பி இவ்வளவு காசு? ஒரு பிரஷ்கூடத் தாங்காதா?" என்றார். என்னிடம் பதில் இல்லை.

டிசம்பரில் ஒருநாள் கல்லட்டியிலேயே செக் இன்ஜின் லைட் மினுக்க ஆரம்பித்தது. அது நின்று எரிந்தால் ஒர்க்‌ஷாப் வரை மெதுவாகப் போகலாம். விட்டு விட்டு மினுக்கினால் எரியாத பெட்ரோல் சைலன்சர் பக்கம் போய் புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரைச் சுட்டுக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். அதை மாற்றும் செலவோடு பார்த்தால் பிளக், அதற்கு வோல்டேஜ் கொடுக்கும் காயில் எல்லாம் டீக்காசு. ஓரமாக நிறுத்திவிட்டேன். ஸ்கேனர் வைத்திருக்கும் வேறொரு பையன் வந்தான். ஸ்கேனரில் வந்த கோளாறு எண் பி0302. இரண்டாவது சிலிண்டரில் மிஸ்ஸிங். அந்தப் பையன் செய்த காரியத்தைத்தான் ஒன்றரை வருஷம் முன்பே யாராவது செய்திருக்க வேண்டும்: இரண்டாவது சிலிண்டரின் காயிலைக் கழற்றி முதலாவதில் மாட்டினான், முதலாவதை இரண்டில். ஸ்கேனரில் அந்த எண்ணை அழித்துவிட்டு ஓட்டச் சொன்னான். திரும்பி வந்தது பி0301, முதலாவது சிலிண்டர். காயில் போன இடத்துக்கே கோளாறும் போனது. அவ்வளவுதான், பத்து நிமிஷம். காயிலின் அடியில் பிளக்கை மூடும் ரப்பர் உறையில் மயிரிழை விரிசல். பிளக்கின் பீங்கான் மேல் பென்சிலால் கிழித்தது போல ஒரு கறுப்புக் கோடு. ஈரம் ஏறும்போதெல்லாம் மின்சாரம் முனைக்குப் போகாமல் அந்த வழியாக வெளியே கசிந்திருக்கிறது.

அப்படியானால் இரிடியம் போட்டதும் சில மாதம் ஏன் சரியாயிற்று? இதை யோசித்துத்தான் எனக்குத் தூக்கம் போனது. பழைய பிளக் தேய்ந்து இடைவெளி அகன்றிருந்தது, அதிக வோல்டேஜ் கேட்டது; நலிந்த காயிலால் கொடுக்க முடியவில்லை. புது இரிடியம் குறைவாகக் கேட்டது. காயில் எப்படியோ சமாளித்தது. இன்னும் நலிந்தபோது அதுவும் முடியவில்லை. நான் 2,100 ரூபாய் கொடுத்து வாங்கியது வைத்தியம் இல்லை, வலி தெரியாமல் இருக்க ஒரு மாத்திரை. பிளக் தன் வேலையை அவ்வளவு நன்றாகச் செய்ததால்தான் காயில் தப்பித்துக்கொண்டு என் பர்ஸை ஒன்றரை வருஷம் தின்றது. பிளக்கைத் திட்டுவதா மெச்சுவதா?

புதுக் காயில் போட்ட பிறகு ஒரு வீம்பு வந்தது. புதிதாக மூன்று சாதா நிக்கல் பிளக் வாங்கி, ஜனவரி முழுக்க அதில் ஓட்டினேன். தேய்ந்த பிளக்கைக் கழற்றிப் புது இரிடியம் போட்டவன் "பிக்கப் ஏறிப்போச்சு" என்று சொல்வதில் அர்த்தமே இல்லை. புது நிக்கல் போட்டிருந்தாலும் ஏறியிருக்கும். மசினகுடிக்கு இரண்டு முறை, அதே நாலு பேர், அதே வளைவுகள், பலாப்பழம் மட்டும் இல்லை, சீசன் இல்லை. எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. மைலேஜ் இரிடியத்தில் 15.8, நிக்கலில் 15.6. பெட்ரோல் போடும் பையன் எங்கே கையை எடுக்கிறான் என்பதைப் பொறுத்தே அந்தப் புள்ளி இரண்டு மாறிவிடும். நாலு கிலோமீட்டர் ஓட்டத்தில் பிளக்கில் கரி பிடிப்பதும் இரண்டிலும் ஒன்றுதான். முனைப்பகுதி 450, 500 டிகிரிக்கு மேல் சூடேறினால்தான் கரி தானாக எரியும், அந்தச் சூட்டுக்கு என் தினசரி ஓட்டம் எட்டாது. கரி படிவது பீங்கான் மூக்கில்; முனை என்ன உலோகம் என்று அது பார்ப்பதில்லை. அதற்கு மருந்து மாதம் இரண்டு முறை மாமியார் வீடுதான்.

சிலர் ஹாட் பிளக் (சூட்டை மெதுவாக வெளியே விடுவது), கோல்ட் பிளக் (சீக்கிரம் விடுவது) என்று நம்பரை மாற்றி வாங்கிவிடுகிறார்கள். பிளக் கம்பெனிகளில் என்ஜிகே, டென்சோவில் நம்பர் ஏற ஏற பிளக் குளிர்ச்சி, போஷில் தலைகீழ். கம்பெனி புத்தகத்தில் இருக்கும் நம்பருக்குச் சமமானதைத் தவிர வேறெதையும் தொடாதீர்கள்.

மச்சினனிடம் முடிவாகச் சொன்னது: வாங்காதே. உன் வண்டியும் இதே வண்டி, கோவையில் உறைபனியும் இல்லை. சாதா பிளக்கை நேரத்துக்கு மாற்று. மிஸ்ஸிங் வந்தால் முதலில் காயிலை இடம் மாற்றிப் பார்.

"அப்ப இப்ப உங்க வண்டில எது மாமா இருக்கு?" என்றான்.

ஜனவரி கடைசி வாரம் ஒரு காலையில் நிக்கல் பிளக்கோடு செல்ஃப் அடித்தேன். மூன்று சுற்று இழுத்தது. பேட்டரிக்கும் இரண்டு வயதாகிறது, அதனாலும் இருக்கலாம். சமையலறையிலிருந்து "மறுபடி இருமுதா?" என்று சத்தம் வந்தது. அன்று சாயங்காலமே, 23,000 கிலோமீட்டர் ஓடிய பழைய இரிடியத்தில் அந்தக் கறுப்புக் கோட்டை மட்டும் பார்த்து ஒன்றைத் தூக்கிப்போட்டேன். 700 கொடுத்து ஒன்று புதிதாக வாங்கி, மூன்றையும் மாட்டிவிட்டேன். அதே கடைதான். கடைக்காரர் சிரித்தார்.

ஒரு மாதமே ஓடிய மூன்று நிக்கல் பிளக்கையும் தினசரித் தாளில் சுற்றி டேஷ்போர்டில் வைத்திருக்கிறேன். சிவராத்திரிக்கு மசினகுடி வரும்போது மச்சினன் எடுத்துக்கொள்ளட்டும். காசு வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன்.