வீட்டிலேயே சிடி, டிவிடி நகலெடுத்த 15 வருட அனுபவம்

அத்தையின் கல்யாண டிவிடியில் பாட்டி பேசுகிற இடம் ஒன்றரை நிமிடம்தான் வரும். அதற்கு ஒரு நகல் எடுத்து வைக்கத்தான் முதன்முதலில் டிவிடி ரைட்டர் வாங்கினேன். அதன்பிறகு சொந்தக்காரர்களின் டிஸ்க்குகளையும் சேர்த்து 200க்கு மேல் நகலெடுத்திருப்பேன்.

டிஸ்க்கிலிருந்து நேராக டிஸ்க்குக்குப் போகாதீர்கள். முதலில் ஹார்ட் டிஸ்க்கில் ஐஎஸ்ஓ கோப்பாக, அதாவது டிஸ்க் முழுவதையும் அப்படியே ஒரே கோப்பாக இறக்கிவிட்டு, பிறகு எழுதுங்கள். எழுதுவது பாதியில் கெட்டாலும், பழைய டிஸ்க்கை மறுபடி சுற்றவிட வேண்டியதில்லை. நான் இன்றும் பயன்படுத்துவது இம்க்பர்ன் என்ற இலவச மென்பொருள்தான். 2013க்குப் பிறகு புதிய பதிப்பு வரவில்லை, இருந்தும் எனக்கு ஒரு குறையும் இல்லை. பாட்டு சிடிக்கு ஐஎஸ்ஓ ஒத்துவராது, அதில் கோப்புகளே கிடையாது. அதற்கு எக்ஸாக்ட் ஆடியோ காப்பி என்ற மென்பொருள். சந்தேகமான இடத்தைத் திரும்பத் திரும்பப் படித்துப் பார்க்கும், கீறல் விழுந்த சிடிக்கு நேரம் பிடிக்கும்.

வேகத்தைப் பொறுத்தவரை, 16எக்ஸ் வேகம்வரை எழுதக்கூடிய டிவிடியை அதில் பாதியான 8எக்ஸில் எழுதுகிறேன். அதற்கும் கீழே குறைத்துப் பார்த்ததில் பலன் தெரியவில்லை.

எழுதி முடித்ததும் சரிபார்ப்பதை மட்டும் விடவே கூடாது. ஒருமுறை அவசரத்தில் அதை நிறுத்திவிட்டு சித்தப்பாவுக்கு நகல் கொடுத்தேன். படம் நன்றாக ஓடி, கடைசிப் பத்து நிமிடத்தில் கட்டம் கட்டமாக உடைந்து நின்றுவிட்டது. டிவிடி உள்வட்டத்தில் தொடங்கி வெளிவிளிம்பு நோக்கி எழுதப்படுகிறது, கோளாறு பெரும்பாலும் விளிம்பில்தான் வரும். அதனால் இப்போதெல்லாம் விளிம்புவரை நிரப்புவதில்லை. 4.7 ஜிபி என்று அட்டையில் இருக்கும், கணினி 4.38 என்றுதான் காட்டும். நான் 4.1இல் நிறுத்திக்கொள்கிறேன்.

சிடியின் மேல் ஸ்டிக்கர் ஒட்டாதீர்கள், ஒட்டியிருந்தால் பிய்க்காதீர்கள். நான் பிய்த்தேன். காகிதத்தோடு வெள்ளிப் பூச்சும் செதில் செதிலாக உரிந்து வந்தது. டிஸ்க்கைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தால் அந்த ஓட்டை வழியாக விளக்கு தெரிகிறது! போனது போனதுதான். அடிப்பக்கக் கீறலைத் தேய்த்துச் சரிசெய்ய வழி உண்டு. சிடியில் தகவல் மேல்பக்க மெல்லிய பூச்சுக்கு அடியிலேயே இருப்பதால், அங்கே பட்ட அடிக்கு வைத்தியம் இல்லை. டிவிடியில் அது இரண்டு தகடுகளுக்கு நடுவே இருக்கிறது, கொஞ்சம் பத்திரம். பெயர் எழுத, நடு ஓட்டையைச் சுற்றியுள்ள கண்ணாடி போன்ற இடம் போதும், மார்க்கர் பேனாவால் எழுதலாம்.

அப்புறம் வெயில். எழுதும் டிஸ்க்கில் தகவல் பதிவது ஒரு சாயப் பூச்சில், வெயில் பட்டால் அது கெட்டுப்போகும். ஒரே டப்பாவில் வாங்கிய 50 டிஸ்க்குகளில் ஜன்னலோரம் வைத்திருந்த 11 இப்போது படிக்கவில்லை. அலமாரிக்குள் இருந்தவை எல்லாம் ஓடுகின்றன. அன்றிலிருந்து வருடம் ஒருமுறை எல்லா டிஸ்க்கையும் போட்டுப் பார்க்கிறேன், தடுமாறுவதை உடனே புது டிஸ்க்குக்கு மாற்றுகிறேன். ஹார்ட் டிஸ்க்கிலும் ஒரு பிரதி இருக்கிறது.

அத்தை கல்யாணத்தின் மூல டிவிடி எப்போதோ போய்விட்டது. போன வாரம் போட்டுப் பார்த்தது நகலின் நகலின் நகல். கேசட்டாக இருந்திருந்தால் இந்நேரம் இரைச்சல்தான் மிஞ்சியிருக்கும். பாட்டியின் குரலில் ஒரு பிசிறு இல்லை.