3600 ரேம் வாங்கி 2666இல் ஓட்டுகிறேன்

"மச்சான், அதே காசுக்கு வேகமான ரேம் 8 ஜிபி போடவா, சாதாரணமானது 16 ஜிபி போடவா?" நிலாவெளிக் கூட்டாளி நேற்று கேட்டான். கேட்காமலே இருந்திருக்கலாம். இரண்டு வருடமாக அடக்கி வைத்தது கிளம்பிவிட்டது.

என்னுடைய கம்ப்யூட்டரின் பிராசசர் ரைசன் 5600ஜி. தனிக் கிராபிக்ஸ் கார்ட் இல்லை, படம் காட்டவும் ரேமில்தான் பங்கு எடுக்கும். ஆகவே வேகம் முக்கியம் என்று நினைத்து 3600 வேகத்தில் ஒற்றை 8 ஜிபி வாங்கினேன். எட்டு மாதம் கழித்து டாஸ்க் மேனேஜரைத் திறந்தால் 2133 என்று நிற்கிறது! கம்ப்யூட்டரின் அடிப்படை செட்டிங்கான பயோஸுக்குள் போய், ரேமை அதன் முழு வேகத்தில் ஓடவிடும் எக்ஸ்எம்பியை நாமே ஆன் பண்ண வேண்டுமாம். விற்றவர் வாயே திறக்கவில்லை. சரி, ஆன் பண்ணினேன். இலக்கம் மாறியது, வேலை மாறவில்லை.

நான் கலியாண ஆல்பம் செய்கிறவன். 12க்கு 36 அங்குலத் தாள், 300 டிபிஐ, அதாவது அங்குலத்துக்கு 300 புள்ளி. முழுத்தாள் லேயர் ஒன்றே 110 எம்பிக்கு மேல் பிடிக்கும். மணவறைக்கு மேல் பூ, பூவுக்கு மேல் பெயர் என்று பத்துப் பதினைந்து ஏறினதும் ரேம் நிரம்பி, போட்டோஷாப் ஹார்ட் டிஸ்கை நோண்டத் தொடங்கும். முன்பக்கச் சிவப்பு விளக்கு அணையாது. சேவ் கொடுத்துவிட்டுப் போய்ப் பிளேன்ரீ ஊற்றிக் குடித்துவிட்டு வரலாம். அந்த நேரத்தில் 3600 என்ன, 36000 என்ன?

போன மாதம் பழைய 8 ஜிபி ஒன்று மலிவாகக் கிடைத்தது, 2666. சொருகினேன். பிளேன்ரீ நின்றுவிட்டது. இரண்டாகப் போட்டால் தரவு இரண்டு வழியால் போகும். ஒற்றை 3600க்கு நொடிக்கு 28.8 ஜிபி என்றால், இந்த 2666 சோடிக்கு 42க்கு மேல். ஆக, குறைந்த வேகத்திலும் அகலமான பாதை. நியாயமாகப் பார்த்தால் குறை சொல்ல ஒன்றுமில்லை.

ஆனால் எக்ஸ்எம்பி போட்டால் பழையதுக்கு அந்த வேகம் தாங்காது, திரையே வராது. கையால் 2666 என்று வைத்தால்தான் எழும்பும். நல்ல குதிரையை மாட்டோடு பூட்டிய மாதிரி.

டச் பே பக்கம் வீடு என்பதால் உப்புக்காற்று வேறு. ஆறு மாதத்துக்கு ஒருக்கா திரை கறுத்துவிடும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, ரேமைக் கழற்றி, அதன் பொன்னிறப் பற்களை மகளின் அழிறப்பரால் தேய்த்துப் போட்டால் உயிர் வரும். இனி இரண்டையும் தேய்க்க வேண்டும்.

கூட்டாளியிடம் "கண்ணை மூடிக்கொண்டு 16 போடு" என்றேன். போனை வைத்த கையோடு கடைக்கு எடுத்து, 3600இல் இன்னொரு 8 என்ன விலை என்று கேட்டேன். அந்த 2666ஐப் பார்க்கப் பார்க்க எரிகிறது.