ரெமிங்டன் 700-க்கு டாலி லைட்வெயிட் ரிங்: வாங்கலாமா?

ரைஃபிளுக்கும், குறிபார்க்கும் தொலைநோக்கியான ஸ்கோப்புக்கும் ஆயிரம் டாலரைக் கொட்டிவிட்டு, இரண்டையும் சேர்த்துப் பிடிக்கும் மவுண்டில் இருபது டாலர் மிச்சம் பார்க்கும் அமெரிக்க வேட்டைக்காரர்கள் நிறைய. ஸ்கோப் குழாயைக் கவ்விப் பிடிக்கும் இரண்டு ரிங்குகளுக்கும் நடுவே 100 மி.மீ. இருக்கிறது என்று வையுங்கள். அதில் ஒன்று ஒரு தாளின் கனம், அதாவது 0.1 மி.மீ. நகர்ந்தால் போதும், 100 மீட்டரில் குண்டு 10 செ.மீ. விலகும். 300 மீட்டரில் 30 செ.மீ.; மானின் நெஞ்சு தப்பிவிடும்.

டாலி லைட்வெயிட்டில் பேஸும் (ரைஃபிளில் திருகும் அடித்துண்டு) ரிங்கின் கீழ்ப்பாதியும் ஒரே அலுமினியத் துண்டு. ஒரு இணைப்பே இல்லாமல் போவதால் தளர்வதற்கு ஓர் இடம் குறைகிறது. ஜோடி சுமார் 60 கிராம்தான்; எல்க் மான் தேடி நாள் முழுக்க மலை ஏறுபவருக்கு இது தெரியும். ரெமிங்டன் 700 ரைஃபிளின் ரிசீவரில் (பேரல் பூட்டியிருக்கும் உடல் பகுதி) முன்பக்கமும் பின்பக்கமும் ஒரே உயரம் இல்லை. அதற்கேற்ப இரண்டு துண்டுகளும் வெவ்வேறு, மாற்றிப் பூட்டிவிடாதீர்கள்.

40 மி.மீ. லென்ஸுக்கு 'லோ' உயரமே பெரும்பாலும் போதும். ஸ்கோப்பின் அகன்ற முன்முனைக்கும் பேரலுக்கும் 3 மி.மீ. இடைவெளி இருந்தால் சரி. 50 மி.மீ. லென்ஸ் வாங்கினால் உயரமான ரிங் வேண்டும், கன்னம் ஸ்டாக்கை விட்டு எழும்பும். வேட்டைக்கு அந்தப் பெரிய லென்ஸ் தேவையா என்பது வேறு கதை.

குறை எங்கே? இரண்டு துண்டுகளும் தனித்தனி. ரிசீவரில் திருகு ஓட்டைகள் கொஞ்சம் கோணலாக இருந்தால், அந்தக் கோணல் முழுக்க ஸ்கோப் குழாயில் இறங்கும். அப்படிப்பட்ட ரைஃபிளுக்கு பர்ரிஸ் சிக்னேச்சர் ரிங் நல்லது. உள்ளே உருளும் பிளாஸ்டிக் வளையம் கோணலை வாங்கிக்கொள்ளும், குழாயிலும் தழும்பு விழாது. அவற்றை ஒருபோதும் லாப் செய்யாதீர்கள், அதாவது உள்பக்கத்தைத் தேய்த்துச் சமப்படுத்தாதீர்கள். லூப்போல்ட் ஸ்டாண்டர்ட் மவுண்டில் பின் ரிங்கைப் பக்கத் திருகுகளால் இடம் வலம் நகர்த்தலாம். ஆனால் முன் ரிங்கை டவ்டெய்லில் (பேஸில் செருகித் திருப்பிப் பூட்டும் பொருத்து) திருப்பும்போது ஸ்கோப்பையே நெம்புகோலாக்குபவர்கள் குழாயை வளைத்துவிடுகிறார்கள். ரிங்கைத் திருப்ப ஸ்கோப்புக்குப் பதில் 1 இன்ச் தடி ஒன்று வேண்டும்.

ரெயில் (ரிங்குகளைப் பூட்ட குறுக்குப் பள்ளங்கள் வெட்டிய பட்டை) விரும்பினால் ஒன்று: அதில் வீவர், பிகாட்டினி என்று இரண்டு வகை; வீவர் பள்ளம் 4.57 மி.மீ., பிகாட்டினி 5.23. வீவர் ரிங் பிகாட்டினியில் உட்காரும், பிகாட்டினி ரிங் வீவரில் உட்காராமல் போகலாம். உட்கார்ந்தாலும் ரிங்கை முன்னால் தள்ளிப் பிடித்தபடி முடுக்குங்கள். சுடும்போது ரைஃபிள் பின்னால் போகும், ஸ்கோப் நின்ற இடத்திலேயே நிற்கப் பார்க்கும்.

பூட்டுவதற்கு முன் துப்பாக்கி காலி என்று பார்த்து, போல்ட்டை (குண்டை அறைக்குள் தள்ளி மூடும் உருளை) கழற்றுங்கள். திருகு ஓட்டைகளின் எண்ணெயை அசிட்டோனால் துடைத்து, பேஸ் திருகுகளுக்கு நீல லாக்டைட் (திருகு தளராமல் பிடிக்கும் பசை) ஒரு துளி, இறுக்கம் 20 இன்ச்-பவுண்ட். பிறகு போல்ட்டைப் போட்டு மூடிப் பாருங்கள். இறுகினால் முன் திருகு நீளம் அதிகமாகி உள்ளே முட்டுகிறது, கழற்றி நுனியை அரத்தால் தேய்க்க வேண்டும்.

மேல் மூடித் திருகுகளுக்கு லாக்டைட் வேண்டாம். அது ஈரமாக இருக்கும்போது வழுக்கி, டார்க் ரெஞ்ச் (இறுக்கத்தை அளக்கும் முடுக்கி) காட்டுவதைவிட அதிகமாக இறுகி, குழாய் நசுங்கும். குறுக்கு மறுக்காக, சிறிது சிறிதாக, 15 முதல் 18 இன்ச்-பவுண்ட் வரை முடுக்குங்கள். ஒரு பக்கத்தை முதலில் முடித்துவிட்டால் ஸ்கோப் உருண்டு ரெட்டிக்கிள் (உள்ளே தெரியும் குறிக்கோடு) சாயும்; மூடிக்குக் கீழே இருபக்க இடுக்கும் சமமாக இருக்க வேண்டும். கண்ணுக்கும் ஸ்கோப்புக்கும் உள்ள தூரத்தை அதிகபட்ச ஜூமில், குளிர்கால ஜாக்கெட் போட்டுக்கொண்டு பாருங்கள்.

கடைசியாக ஒவ்வொரு திருகுத் தலையிலும் நெயில் பாலிஷால் ஒரு கோடு. இருபது ரவுண்டுக்குப் பிறகு கோடு உடைந்திருந்தால் திருகு அசைந்திருக்கிறது.