பாம்பன் மீனவருக்கு எது கைகொடுக்கும்: வானொலியா, வாட்ஸ்அப்பா?

பாம்பனில் 2016 முதல் ஒலிக்கும் கடல் ஓசை 90.4, மீனவர்களுக்கென்றே நடக்கும் சமுதாய வானொலி. காற்று எப்படி, அலை எவ்வளவு உயரம் என்பதை அவர்கள் பேசும் தமிழிலேயே சொல்கிறது. வலையைச் சிக்கெடுத்துக்கொண்டே கேட்கலாம். எழுத்துக்கூட்டிப் படிக்க வேண்டாம், டேட்டா தீர்ந்துவிடுமே என்ற கவலையும் இல்லை.

வாட்ஸ்அப் குழுவில் மீன் விலை கேட்டால் உடனே பதில் வரும். ஆனால் பழைய புயல் வீடியோவும் அதே வேகத்தில் பரவும். யார் கிளப்பியது என்றே தெரியாது. உயிர் சம்பந்தப்பட்ட எச்சரிக்கைக்கு நான் வானொலியைத்தான் நம்புவேன்.

குறை அதற்கும் உண்டு. சுமார் 10-15 கிலோமீட்டர்தான் எட்டும். சொந்தமாகச் செய்தி ஒலிபரப்பவும் அனுமதியில்லை, ஆகாசவாணி செய்தியைத்தான் எடுத்துத் தரலாம். ஊர்ச் செய்தியை ஊர் வானொலி சொல்லக்கூடாது என்பது அநியாயம். அந்த விதியை மாற்றியே ஆக வேண்டும்.