ஒரு யூனிட் கரண்டுக்கு எத்தனை டாஸ்க்? பழைய ஐ5-2400, புது ரைசன் 5600ஜி: ஒரு வீட்டுச் சோதனை

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அவசரத்தில் இருப்பவர்கள் இத்தோடு கிளம்பலாம். வீட்டுக் கம்ப்யூட்டரை ஆராய்ச்சிக் கணக்குகளுக்கு ஓடவிட வேண்டும் என்று ஆசை இருந்தால், மலிவாகக் கிடைக்கிறதே என்று பழைய ஆபீஸ் டெஸ்க்டாப்பை அதற்கென்றே வாங்காதீர்கள். ரைசன் 5 5600ஜி போன்ற புது ப்ராசஸர் உள்ள மெஷின் ஏற்கெனவே வீட்டில் இருந்தால், பயாஸில் (மெஷின் தொடங்கும்போது திறக்கும் அடிப்படை செட்டிங்) 45 வாட் ஈக்கோ மோடை, அதாவது ப்ராசஸர் இழுக்கும் மின்சாரத்துக்கு வரம்பு வைக்கும் வசதியை, போட்டுவிட்டு ஓடவிடுங்கள், அது போதும். ஐ5-2400 உள்ள ஒரு பழைய மெஷினையும் 5600ஜி-யையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒன்றரை மாதம் ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

இந்த விஷயமே புதிது என்பவர்களுக்குக் கொஞ்சம் முன்கதை. 1999 மே மாதம் பெர்க்லி பல்கலைக்கழகம் செட்டி அட் ஹோம் என்று ஒன்றைத் தொடங்கியது. புவெர்ட்டோ ரிக்கோவில் இருந்த அரெசிபோ ரேடியோ தொலைநோக்கியில் பதிவானதைத் துண்டு துண்டாக்கி, உலகம் முழுக்க உள்ள வீட்டுக் கம்ப்யூட்டர்களுக்கு அனுப்பி, வேற்றுக்கிரக சிக்னல் ஏதாவது இருக்கிறதா என்று தேட வைத்தார்கள். அப்படி வந்து சேரும் ஒவ்வொரு துண்டு வேலையும்தான் ஒரு டாஸ்க். நான் கல்லூரியில் படித்தபோது லேபில் இருந்த பென்டியம் 4 மெஷினில் அதன் ஸ்கிரீன்சேவரைப் பார்த்து மயங்கிப்போனவன். 2020 மார்ச் 31-ஆம் தேதியோடு புது வேலை அனுப்புவதை நிறுத்தினார்கள், அதே வருடம் டிசம்பரில் அரெசிபோ தொலைநோக்கியும் இடிந்து விழுந்தது, அந்தச் செய்தியைப் படித்த அன்று நிஜமாகவே மனசு கனத்துப்போனது. ஆனால் செட்டிக்காக எழுதிய வழிமுறை பொதுமென்பொருளாக வளர்ந்து நிற்கிறது. பி.ஓ.ஐ.என்.சி. என்று எழுதி பாயிங்க் என்று சொல்வார்கள். அதை நிறுவிக்கொண்டு ஐன்ஸ்டைன் அட் ஹோம், ரோசெட்டா அட் ஹோம், வேர்ல்ட் கம்யூனிட்டி கிரிட் என்று எதில் வேண்டுமானாலும் சேரலாம், காசு கிடையாது, நாம்தான் கரண்ட் பில் கட்டப்போகிறோம்.

நான் ஐன்ஸ்டைனில் இருக்கிறேன். அதிவேகமாகச் சுழலும் நியூட்ரான் விண்மீன்களைத் தேடும் திட்டம் அது. 2010-இல் பிஎஸ்ஆர் ஜே2007+2722 என்ற பல்சரை (துடிப்பு துடிப்பாக சிக்னல் அனுப்பும் நியூட்ரான் விண்மீன்) கண்டுபிடித்தது அமெரிக்காவின் அயோவா மாநிலத்திலும் ஜெர்மனியிலும் இருந்த தன்னார்வலர்களின் கம்ப்யூட்டர்கள்தான். இதை நினைத்தாலே எனக்கு இன்றும் சிலிர்க்கும், எங்கோ ஒரு மூலையில் ஓடிக்கொண்டிருந்த மெஷின் அது.

சரி, ப்ராசஸர் விஷயத்துக்கு வருவோம்.

ஆரம்பத்தில் எல்லாரும் கிகாஹெர்ட்ஸைத்தான், அதாவது ப்ராசஸர் நொடிக்கு எத்தனை நூறு கோடி முறை துடிக்கிறது என்பதைத்தான் பார்ப்பார்கள், நானும் பார்த்தேன். அந்தக் காலத்து பென்டியம் 4-இல் 2.4 கிகாஹெர்ட்ஸ் மாடல் உண்டு. 2023-இல் வந்த ராஸ்பெரி பை 5 போர்டும் 2.4 கிகாஹெர்ட்ஸ்தான். உள்ளங்கையில் அடங்கும் அந்தப் போர்டில் நான்கு கோர் (தனித்தனியாகக் கணக்குப் போடும் பகுதி), ஒவ்வொரு கோரும் தனியாகவே அந்தப் பழைய ப்ராசஸரைவிட நிறைய வேலை செய்யும். ஒரு துடிப்பில் எவ்வளவு கணக்கு முடிகிறது என்பதுதான் முக்கியம், எத்தனை துடிப்பு என்பது பாதிக் கதைகூட இல்லை.

அடுத்து பாயிங்க் தானே போட்டுக் காட்டும் பெஞ்ச்மார்க், அதாவது வேகச் சோதனை எண்கள். விட்ஸ்டோன், ட்ரைஸ்டோன் என்று இரண்டு வரும், முதலாவது தசமக் கணக்கு, இரண்டாவது முழு எண் கணக்கு. விட்ஸ்டோன் 1972-ஐச் சேர்ந்தது, ட்ரைஸ்டோன் 1984. இரண்டுமே மிகச் சிறிய புரோகிராம்கள், ப்ராசஸருக்குள் இருக்கும் சின்ன, வேகமான நினைவகமான கேஷுக்குள்ளேயே அடங்கிவிடும், ரேம் பக்கம் தலைகாட்டவே வேண்டியதில்லை. நிஜ டாஸ்க் அப்படியா இருக்கிறது? அதனால் அந்த எண்ணை வைத்து எந்த மெஷின் வாங்கலாம் என்று முடிவு செய்யாதீர்கள். முடித்த வேலைக்குத் தரும் கிரெடிட் புள்ளிகளும் அதே மாதிரிதான், ஒரு கிகாஃப்ளாப் (நொடிக்கு நூறு கோடி தசமக் கணக்கு) வேகமுள்ள மெஷின் ஒரு நாள் முழுக்க ஓடினால் 200 புள்ளி என்பது மூலக் கணக்கு, ஆனால் திட்டத்துக்குத் திட்டம் புள்ளி கொடுக்கும் கை தாராளமாகவோ இறுக்கமாகவோ இருக்கும், ஒரு திட்டத்தின் புள்ளியை இன்னொன்றோடு ஒப்பிடுவதில் அர்த்தமில்லை.

ரோசெட்டாவை வைத்து வேகம் பார்க்கலாம் என்று நினைத்து ஒரு வாரம் வீணாக்கினேன். புரத வடிவங்களைக் கணக்கிடும் அருமையான திட்டம், அதை நடத்தும் வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வகத்தின் டேவிட் பேக்கருக்கு 2024-இல் வேதியியல் நோபல் கிடைத்தது. ஆனால் அதில் ஒரு டாஸ்க் எவ்வளவு நேரம் ஓட வேண்டும் என்பதை முன்கூட்டியே வைத்துவிடுகிறார்கள், வழக்கமாக 8 மணி நேரம். வேகமான ப்ராசஸரிலும் 8 மணி நேரம்தான், மெதுவான ப்ராசஸரிலும் 8 மணி நேரம்தான். வேகமானது அதற்குள் அதிக மாதிரிகளைச் செய்து முடிக்கும், அவ்வளவே. நேரத்தை மட்டும் பார்த்தால் இரண்டு மெஷினும் சமம் என்று தோன்றிவிடும். ஒப்பிட வேண்டுமென்றால் வேலையின் அளவு நிலையாக இருக்கும் திட்டத்தை எடுக்க வேண்டும். ஐன்ஸ்டைனின் காமா கதிர் பல்சர் டாஸ்குகள் அதற்கு எனக்குச் சரியாக அமைந்தன.

சோதனை இப்படி. ஒரு பக்கம் ஐ5-2400, 2011-இல் வந்தது, நான்கு கோர், நான்கு த்ரெட் (ஒரே நேரத்தில் எடுத்துக்கொள்ளக்கூடிய வேலைகள்), 3.1 கிகாஹெர்ட்ஸ், கம்பெனி சொல்லும் வெப்ப அளவு 95 வாட். இன்னொரு பக்கம் 5600ஜி, 2021, ஆறு கோர், பன்னிரண்டு த்ரெட், 3.9 கிகாஹெர்ட்ஸ், 65 வாட். இரண்டிலும் லினக்ஸ் மின்ட், இரண்டிலும் அதே தொடரைச் சேர்ந்த டாஸ்குகள், பிளக்கில் ஒரு வாட் மீட்டர். பழைய மெஷினை ஆபீஸ் கழிவாக வந்த சரக்கில் வாங்கினேன், ப்ராசஸரின் சூட்டை வெளியேற்றும் ஹீட்சிங்க்கைக் கழற்றினால், இரண்டுக்கும் நடுவில் பூசியிருந்த தெர்மல் பேஸ்ட் சுண்ணாம்பு மாதிரி உதிர்ந்தது. புது பேஸ்ட் போட்டு, தூசி தட்டிய பிறகுதான் கணக்கை ஆரம்பித்தேன், இல்லாவிட்டால் அந்தப் பாவப்பட்ட ப்ராசஸருக்கு அநியாயம் செய்ததாகியிருக்கும்.

ஐ5-இல் நான்கு டாஸ்க் ஒரே நேரத்தில் ஓடி, ஏறத்தாழ 10 மணி நேரத்தில் முடிந்தன. ஒரு நாளைக்கு 9 அல்லது 10. சுவரில் இருந்து இழுத்தது 95 வாட் சுற்றி, அதாவது நாளொன்றுக்கு 2.3 யூனிட். ஒரு யூனிட்டுக்கு நான்கு டாஸ்க் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

5600ஜி-இல் பன்னிரண்டும் ஒன்றாக ஓடும்போது 8 மணி நேரம் ஆனது. மேலோட்டமாகப் பார்த்தால் 10-க்கும் 8-க்கும் பெரிய வித்தியாசம் இல்லையே என்று தோன்றும், ஆனால் அந்த நேரத்தில் முடிவது பன்னிரண்டு. நாளைக்கு 36. மீட்டரில் முழு மெஷினுக்கும் சேர்த்து 110 வாட், அதாவது 2.6 யூனிட். யூனிட்டுக்குப் பதின்மூன்று, பதினான்கு. மூன்று மடங்குக்கு மேல்! எனக்கு இதுதான் முழுச் சோதனையின் சாரமும். வாங்கும்போது பழைய மெஷினில் மிச்சமானது எல்லாம் கரண்ட் பில்லில் மாதா மாதம் கரைந்துகொண்டிருந்தது.

ஆறு கோருக்கு ஆறு டாஸ்க் மட்டும் கொடுத்தால் என்ன ஆகும் என்றும் பார்த்தேன். ஒவ்வொன்றும் 5 மணி நேரத்தில் முடிந்தது, நாளைக்கு 29. ஆக, பன்னிரண்டு த்ரெட் என்பது பன்னிரண்டு கோர் கிடையாது, இரட்டிப்பு எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான், கால் பங்கு கூடுதலாகக் கிடைக்கிறது. அதற்கு மேல் ஏறாததற்குக் கேஷும் ஒரு காரணமாக இருக்கும் என்று நினைக்கிறேன். 5600ஜி-இல் எல்3 கேஷ் 16 எம்பி, அதன் அண்ணன் 5600எக்ஸ்-இல் 32 எம்பி. பன்னிரண்டு டாஸ்க் 16-ஐப் பங்குபோட்டால் ஆளுக்கு ஒன்றேகால் எம்பிக்குக் கொஞ்சம் மேல்தான் தேறும். இந்த வேலைக்காகவே புதிதாக வாங்குபவர் தனி கிராஃபிக்ஸ் கார்டும் வைத்திருந்தால் எக்ஸ் மாடலை எடுக்கலாம், அதற்குள் கிராஃபிக்ஸ் கிடையாது. என்னிடம் கார்டு இல்லை, அதனால் ஜி.

ரேம் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் பலர் இதில்தான் கோட்டை விடுகிறார்கள். முதல் மாதம் ஒற்றை 8 ஜிபி குச்சியை மட்டும் போட்டிருந்தேன். இரண்டாவது குச்சியைச் சேர்த்து டூயல் சேனல் (இரண்டு குச்சியும் ஒரே நேரத்தில் வேலை செய்வது) ஆன அன்றே டாஸ்க் நேரம் குறைந்தது, ப்ராசஸரில் கை வைக்காமலே. மேலே சொன்ன எண்கள் எல்லாம் இரண்டு குச்சியோடு எடுத்தவை.

இப்போது எனக்கு மிகவும் பிடித்த பகுதி, ஈக்கோ மோட். பயாஸில் 65 வாட்டை 45 ஆக்கினேன். டாஸ்க் நேரம் 8-இல் இருந்து 9 மணி நேரம் ஆனது. மீட்டரோ 110-இல் இருந்து 78-க்கு இறங்கியது. ஒரு நாளைக்கு 32 டாஸ்க், 1.9 யூனிட், அதாவது யூனிட்டுக்குப் பதினேழு. கடைசி கொஞ்சம் வேகத்துக்காக ப்ராசஸர் எவ்வளவு மின்சாரத்தை விழுங்குகிறது என்பது இதில் அப்படியே தெரிகிறது. ஃபேன் சத்தமும் அடங்கிவிட்டது. அதுவரை "ராத்திரி முழுக்க என்னப்பா ஓடிக்கிட்டே இருக்கு" என்று கேட்டுக்கொண்டிருந்த அம்மா, அதற்குப் பிறகு கேட்கவில்லை.

அந்த உற்சாகத்தில் வோல்டேஜையும் குறைத்தேன். அதற்காக பயாஸில் உள்ள கர்வ் ஆப்டிமைசர் என்ற வசதியில் எல்லாக் கோருக்கும் மைனஸ் 25. மெஷின் ஹேங் ஆகவில்லை, எல்லாம் நன்றாக ஓடுவது போலத்தான் இருந்தது. நான்கு நாள் கழித்து ஐன்ஸ்டைன் தளத்தில் என் கணக்கைத் திறந்து பார்த்தால் மூன்று டாஸ்க் செல்லாது என்று திரும்பியிருந்தது. ஐன்ஸ்டைனில் ஒரே டாஸ்கை இரண்டு பேருடைய மெஷினுக்கு அனுப்பி, விடைகள் ஒத்துப்போகின்றனவா என்று பார்ப்பார்கள், ஒத்துப்போகாவிட்டால் மூன்றாவது மெஷினுக்குப் போகும். என் மெஷின் தப்பான விடை கொடுத்ததால் முகம் தெரியாத யாரோ ஒருவருடைய கம்ப்யூட்டர் அதே வேலையைத் திரும்பச் செய்ய வேண்டியதாகிவிட்டது. உடனே மைனஸ் 10-க்குக் கொண்டுவந்தேன், அப்புறம் ஒன்றுகூடச் செல்லாமல் போகவில்லை. வேகத்தைக் கூட்டுபவர்களும் வோல்டேஜைக் குறைப்பவர்களும் கேம் ஓடுகிறதே என்று திருப்திப்படாமல், செல்லாமல் போன டாஸ்குகளின் பட்டியலைக் கட்டாயம் பாருங்கள்.

மற்றவை சுருக்கமாக. ராஸ்பெரி பை 4 ஒன்று வைத்திருக்கிறேன், 7 வாட்டைத் தாண்டுவதில்லை, இரண்டு மாதம் விடாமல் ஓடினாலும் 10 யூனிட்தான். அதற்கு வருவது அரெசிபோவின் பழைய பதிவுகளில் பல்சர் தேடும் வேறு வகை டாஸ்க், எனவே மேலே உள்ள எண்களோடு ஒப்பிடவில்லை. லேப்டாப் வேண்டவே வேண்டாம், மெல்லிய உடம்பில் நாளெல்லாம் சூடு ஏறினால் வேகமும் குறையும் பேட்டரியும் உப்பும். கிராஃபிக்ஸ் கார்டு இருப்பவர்களுக்கு இந்தக் கணக்கே வேறு, ஃபோல்டிங் அட் ஹோம் (இதுவும் புரதக் கணக்குத் திட்டம்) போன்றவற்றில் ஒரு நல்ல கார்டுக்கு முன்னால் எந்த ப்ராசஸரும் நிற்காது. 5600ஜி-க்குள் இருக்கும் கிராஃபிக்ஸையும் ஓடவிட்டுப் பார்த்தேன், அது ப்ராசஸரோடு அதே வாட்டையும் அதே ரேமையும் பங்கு கேட்டு மற்ற டாஸ்குகளை இழுத்தடிக்கிறது, நிறுத்திவிட்டேன்.

கரண்ட் பில். தமிழ்நாட்டில் வீட்டுக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ரீடிங், 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டண விகிதம் ஏறிவிடும். 110 வாட்டில் அறுபது நாள் இடைவிடாமல் ஓடினால் 158 யூனிட். ஈக்கோ மோடில் 112. ஈக்கோ மோடில் இரவு பத்து மணியில் இருந்து காலை ஆறு மணி வரை மட்டும் என்றால் 37 யூனிட். எங்கள் வீட்டில் கோடையில் ஏசி ஓடும், 500-ஐ ஒட்டித்தான் வரும், அதனால் கத்திரி வெயில் மாதங்களில் இரவு மட்டும், மார்கழி, தை மாதங்களில் நாள் முழுக்க. ஐன்ஸ்டைனில் டாஸ்கைத் திருப்பி அனுப்ப இரண்டு வாரம் தருகிறார்கள், இரவில் மட்டும் ஓடினாலும் தாராளமாக முடிந்துவிடும். பாயிங்க் செட்டிங்கில் நேரம் குறிக்க வசதி இருக்கிறது. ஒரு விஷயம், சூட்டைக் குறைக்க வேண்டுமென்றால் எத்தனை கோர் என்பதைக் குறையுங்கள், சிபியு நேரம் இத்தனை சதவீதம் என்ற மற்ற கட்டத்தைக் குறைத்தால் ப்ராசஸர் ஓடி நின்று ஓடி நின்று சூடு ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும்.

ஐ5 மெஷினை அக்கா மகனுக்குக் கொடுத்துவிட்டேன், ஒரு எஸ்எஸ்டி போட்டதும் அவன் படிப்புக்கு அது பறக்கிறது. பாயிங்க் போடட்டுமா மாமா என்று கேட்டான். இந்த மெஷினில் வேண்டாம்டா, என் மெஷினில் உன் பெயரில் ஒரு கணக்கு சேர்த்துவிடுகிறேன் என்றேன். போன வாரத்தில் இருந்து பன்னிரண்டில் நான்கு த்ரெட் அவன் பெயரில் ஓடுகிறது.