மண்சுவருக்கு சிமெண்ட் பூசச் சொல்பவரிடம் ஜாக்கிரதை

எங்கள் தானியக் களஞ்சியம் கொள்ளுத்தாத்தா கட்டியது, ஒன்றரை அடிக்கு மேல் தடிமனான மண்சுவர். மேல்பூச்சு அங்கங்கே உதிர்ந்திருந்ததே தவிர வேறு குறை இல்லை. பழைய கட்டடம் பார்ப்பதுதான் என் தொழில் என்று வந்த ஒப்பந்தக்காரர், கம்பி வலை அடித்து சிமெண்ட் பூசி வாட்டர்புரூஃப் பெயின்ட் அடித்துவிட்டால் பேரன் காலம்வரை கவலையில்லை என்றார். நானும் தலையாட்டிவிட்டேன்.

மூன்றாவது மழைக்காலத்தில் சுவரடியில் பெயின்ட் கொப்பளித்தது. தட்டினால் டொப் டொப் என்று சத்தம். பூச்சைக் கொஞ்சம் பெயர்த்து விரலை வைத்தேன், பிசைந்த மாவில் போவதுபோல் உள்ளே போய்விட்டது. சில நாளில் அந்த மூலை சரிந்து, சிமெண்ட் மட்டும் கம்பி வலையில் தொங்கிக்கொண்டிருந்தது.

மண்சுவர் ஈரத்தை வாங்கும், காற்றுப்பட்டால் விட்டுவிடும். சிமெண்ட் விறைப்பானது, சுவரோடு சேர்ந்து அசையாமல் மயிரிழையாக வெடிக்கும், அதன் வழியே உள்ளே போகும் மழைத்தண்ணீர் வெளியே வர வழியில்லாமல் அடியில் தங்கிவிடும். காய்ந்திருக்கும்வரைதான் மண்ணுக்குப் பலம். போதாதற்கு உள்ளே சுவரை ஒட்டி சிமெண்ட் தளம் வேறு போட்டிருந்தார், தரையின் ஈரமும் சுவரில்தான் ஏறியது. போன் செய்தால் "மண் என்றால் கரையத்தானே செய்யும்" என்கிறார்! நாலு தலைமுறையாகக் கரையாதது இவர் கை பட்டதும் கரைந்துவிட்டதாம்.

அப்புறம் வந்த வயதான கொத்தனார் முதலில் கேட்டது, இடிந்த மண்ணை எங்கே கொட்டினீர்கள் என்றுதான். அதில் ஒரு பிடி எடுத்து, கண்ணாடிப் பாட்டிலில் தண்ணீரோடு குலுக்கி வைத்தார். மணல் உடனே அடியில் படிந்தது, அதன்மேல் வண்டல், களிமண் தெளிய மறுநாளாகியது. அந்த அளவைப் பார்த்து அதே மண்ணில் வைக்கோல் சேர்த்து மண்கல் அறுத்து, காயவைத்து, மண்சாந்திலேயே கட்டினார். மேலே சுண்ணாம்புப் பூச்சு மட்டும். உங்களிடம் வருகிறவர் மண்ணைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் விலை பேசினால் அப்படியே அனுப்பிவிடுங்கள்.

ஏற்கெனவே சிமெண்ட் பூசியாகிவிட்டதென்றால் ஆத்திரத்தில் மொத்தமாகப் பெயர்க்காதீர்கள், நனைந்த சுவரை அந்த சிமெண்ட் பூச்சுதான் தாங்கிக்கொண்டிருக்கலாம். கூரைக்கு முட்டுக் கொடுத்துவிட்டு, கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக் காயவிட வேண்டும், மாதக்கணக்கில் ஆகும். எங்களுக்கு இன்னும் இரண்டு சுவர் பாக்கி. பெயர்க்கிற ஒவ்வொரு துண்டின் பின்பக்கமும் இன்னும் ஈரமாகத்தான் இருக்கிறது.